பேர் போட்ட பாட்டு

பெங்களூர் ஆடுகோடியில் வயதானவர்கள் வழி சொல்லும்போது இன்றும் "மைக்கோ காம்பவுண்டை ஒட்டியே போங்க" என்பார்கள். பலகையில் பாஷ் என்று எழுதியிருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. 1951-இல் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, சுருக்கமாக மைக்கோ, என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. ஸ்பார்க் பிளக்கும் டீசல் எஞ்சினுக்கான பம்பும் செய்துவந்த ஆலை. உற்பத்தி 2015 முதல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடதிக்குப் போயிற்று. 2022 ஜூனில் அதே இடம், 800 கோடி ரூபாய்ச் செலவில் புதுப்பிக்கப்பட்ட 76 ஏக்கர் வளாகமாக, 10,000 பேர் வேலை பார்க்கும் அலுவலகமாகத் திறக்கப்பட்டது. நின்றுகொண்டு வேலை செய்த இடத்தில் இப்போது உட்கார்ந்துகொண்டு வேலை செய்கிறார்கள்.

ஆலையின் கதை இதோடு போகட்டும். அந்தச் சுவருக்கு வெளியே, எட்டடிச் சந்துகளில் குடியிருந்தவர்கள் தங்கள் கஷ்டத்தை அன்றைக்கு எப்படிப் பாடினார்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்கு எப்படிப் பாடுகிறார்கள் என்பதுதான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்றைக்குத் துக்கம் பாட்டாக வெளியே வர மூன்று வழிகள் இருந்தன. சாவு வீட்டில் பெண்கள் வைத்த ஒப்பாரி ஒன்று. பிணம் எடுக்கும்போது தெருவை அதிரவைத்த தமட்டை மேளம் இன்னொன்று. மூன்றாவது, அம்மன் திருவிழாவிலும் பிள்ளையார் பண்டிகையிலும் மேடை போட்டுப் பாடிய ஆர்க்கெஸ்ட்ரா. ஒப்பாரியில் ஒருத்தியின் வாழ்க்கை முழுவதும் வந்துவிடும்: குடிகாரப் புருஷன், அடகில் போன தாலி, வராத அண்ணன். ஆனால் அதை இன்னார் பாடியது என்று யாரும் குறித்துவைப்பதில்லை. பத்தாம் நாள் காரியம் முடிந்ததும் பாட்டும் முடிந்துவிடும். ஆண்களுக்கு அந்த வசதியும் கிடையாது. ஆர்க்கெஸ்ட்ராக்காரனிடம் சீட்டு எழுதிக் கொடுத்து ஒரு சோகப் பாட்டுக் கேட்பார்கள். கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் மெட்டமைத்து, டி.எம்.எஸ். பாடி, சிவாஜி நடித்த துக்கத்தில் தன் துக்கத்தையும் ஓரமாக உட்காரவைத்துக்கொள்வார்கள். அழுகிறவனுக்கும் அவன் அழுகைக்கும் நடுவே நாலு மேதைகள் நின்றார்கள். அதில் ஒரு மறைவு இருந்தது. "பாட்டு நல்லா இருந்துச்சு, கண்ணு கலங்கிடுச்சு" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். எந்தக் கடன்காரன் வாசலில் நின்றான் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்றைக்கு அந்த நாலு பேரின் வேலையையும் ஒரே பையன் பார்க்கிறான். வரியை அவனே எழுதுகிறான், இணையத்தில் கிடைக்கும் பீட்டை இறக்குகிறான், போனிலேயே குரலைப் பதிகிறான், நண்பனை வைத்து மொட்டை மாடியில் வீடியோ எடுக்கிறான். பாட்டின் இரண்டாவது வரியிலேயே தன் பேரையும் தெருப் பேரையும் போட்டுவிடுகிறான். ராப்பில் அது மரபு. தகப்பன் மறைத்த எல்லாவற்றையும் மகன் மைக்கில் சொல்கிறான். தகப்பனைப் பற்றியும் சொல்கிறான்.

இந்த வித்தைக்கு ஊரும் தேதியும் உண்டு. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, தங்கை நடத்திய விருந்தில் கூல் ஹெர்க் என்ற ஜமைக்கா பையன் இசைத்தட்டு சுழற்றிய இரவை அதன் பிறந்தநாளாகச் சொல்வார்கள். தமிழுக்கு அது இரண்டு வாசல் வழியே வந்தது. 1994-இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' சினிமா வாசல். அதில் ராப் ஒரு வேடிக்கை. மலேசியாவிலிருந்து வந்தது மற்ற வாசல். அங்கே பொயட்டிக் அம்மோ குழுவில் பாடிய யோகி பி, நட்சத்திராவோடு சேர்ந்து 2006-இல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். சினிமாவின் தயவில்லாமல் தமிழில் ஒரு ராப் தட்டு ஊரெல்லாம் ஓடும் என்று இங்கே பலர் நம்பியது அதற்குப் பிறகுதான்.

பெங்களூரில் கதை வேறு மாதிரி தொடங்கியது, ஓசையே இல்லாமல். விக்னேஷ் சிவானந்த் என்ற இளைஞர், பிற்பாடு புரோதா வி, ராப் பழகியது ஆர்க்குட் வலைத்தளத்தில். அங்கே எழுத்தாலேயே சண்டை போட்டுக்கொள்ளும் குழுக்கள் இருந்தன. ஒருவன் நாலு வரி தட்டச்சு செய்வான், மற்றவன் எட்டு வரியில் மறுப்பான். குரலும் தாளமும் படிப்பவன் மண்டைக்குள்தான். அங்கிருந்து ஸ்மோக்கி த கோஸ்ட், பிக் நிக் ஆகியோருடன் மச்சாஸ் வித் ஆட்டிட்யூட் என்ற குழு உருவாயிற்று. புரோதா வி 2012-இல் வெளியிட்ட 'ஆத்ம ராமா'வை இந்த ஊர் ராப்பின் திருப்பம் என்றே சொல்வேன். பழைய பஜனை மெட்டு பல்லவியாக வர, நடுவில் ஓர் இளைஞன் தன் தடுமாற்றங்களைச் சொல்லி ராமனிடம் வழி கேட்கிறான். மொழி ஆங்கிலம், வேண்டுதல் நம்முடையது. எங்கள் பக்கத்துப் பாட்டிகள் பிள்ளையாரிடம் சண்டை போடும் தொனிக்கும் அதற்கும் அதிக தூரமில்லை.

ஆங்கிலத்தில் பாடியதற்குக் காரணங்கள் இருந்தன. அன்று கணினியும் இணைய இணைப்பும் உள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் ராப்பைக் கேட்டார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை தரைமட்டமானதும் சந்துகளுக்குள் பாட்டு நுழைந்தது. நுழைந்த சந்தின் பேச்சைத்தான் அது பேச வேண்டியிருந்தது. ஆடுகோடிக்குப் பக்கத்துப் பேட்டையான நீலசந்திராவிலிருந்து பாஷா பாய் தக்கனியில் ராப் பாடுகிறார். சினிமாவில் சிரிப்புக்கு மட்டும் வைத்திருந்த பேச்சு அது. ஆட்டோ ஸ்டாண்டிலும் கறிக்கடையிலும் நாங்கள் தினம் கேட்கும் உருதுவில் கன்னடமும் தமிழும் விழுந்து கிடக்கும். அதே பேச்சில் ஒருவர் தன் பேட்டையின் வாழ்வைச் சொன்னபோது, அந்தப் பேச்சு சிரிப்புக்கு மட்டுமானதில்லை என்று பல பேருக்கு உறைத்தது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு மொழி இன்னும் கூச்சமான விஷயம். 1991 டிசம்பரில் காவிரி இடைக்கால உத்தரவை ஒட்டி நடந்த கலவரத்தின்போது இந்த நகரத்தில் தமிழர் குடிசைகள் எரிந்தன. பஸ்ஸில் தமிழ் பேசாதே என்று பிள்ளைகளைக் கிள்ளிவைத்த தாய்மார்கள் உண்டு. அல்சூர் ஏரிக்கரையில் அதே 1991-இல் வைத்த திருவள்ளுவர் சிலை துணி சுற்றியபடியே 18 ஆண்டுகள் நின்று, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. ஊருக்கு நடுவே குரலை இறக்கிப் பழகிய தலைமுறையின் பிள்ளைகள் இப்போது ஒரே பாட்டில் கன்னடத்தில் ஆரம்பித்து, தமிழில் திட்டி, ஆங்கிலத்தில் முடிக்கிறார்கள். தூய்மைவாதிகள் இரு பக்கமும் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது இந்தத் தெருவில் நடக்கும் பேச்சின் நேர்மையான நகலாகவே படுகிறது. மும்பை தாராவியில் இதையே டோப்அடெலிக்ஸ் குழு முன்பே செய்துகாட்டியது. இந்தியும் மராத்தியும் தமிழும் கலந்து பாடிய அந்தத் தாராவிக்காரர்களின் குரல் 2018-இல் 'காலா' படத்தின் மூலம் தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்தது.

எங்கள் பேட்டைக்கு மட்டுமே உரிய இன்னொரு மாற்றமும் உண்டு. டெய்ரி சர்க்கிளிலிருந்து ஓசூர் சாலையில் கொஞ்சம் வடக்கே போனால் நிமான்ஸ். பழைய மனநல மருத்துவமனையும் அகில இந்திய மனநலக் கழகமும் இணைந்து 1974-இல் உருவான நிறுவனம். நாட்டின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வரும் அந்த ஆஸ்பத்திரி எங்களுக்கு நடக்கும் தூரம், ஆனால் யாரும் அங்கே போனதாக ஒப்புக்கொண்டதில்லை. "பக்கத்துல ஒரு வேலை" என்பார்கள். கல்யாணப் பேச்சில் அந்தப் பேர் வந்தால் சம்பந்தம் முறிந்தது. சண்டையில் "உன்னை அங்கே சேர்க்கணும்டா" என்பது கெட்ட வார்த்தைக்குச் சமம். இன்று 14416 என்ற எண்ணில் கூப்பிட்டால் மனநல ஆலோசனை கிடைக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய அந்த டெலி மானஸ் திட்டத்துக்கு மைய நிறுவனமே நிமான்ஸ்தான். சுயாதீன ராப் பாட்டுகளில் தூக்கமின்மை, பதற்றம், மருந்து, ஆலோசகர் எல்லாம் சாதாரணமாக வருகின்றன. பேரன் தன் மனச்சோர்வைப் பற்றிப் பாடியதைத் தாத்தா போனில் கேட்டுவிட்டு, "இதையெல்லாமா ஊருக்குச் சொல்றது?" என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் செத்தவர்களையும் அந்தத் தாத்தாவுக்குத் தெரியும்.

கருவிகளின் கணக்கு எளிது. கேசட் காலத்தில் ஒரு பாட்டுப் பதிய மணிக்கணக்கில் ஸ்டூடியோ வாடகை, வாத்தியக்காரர்கள் கூலி, கேசட் போட ஒரு கம்பெனி, விற்க ஒரு கடை. மும்பை குர்லாவின் ராப்பர் நேஸி 2014-இல் தன் 'ஆஃபத்' பாட்டையும் வீடியோவையும் ஒரு ஐபேடை வைத்தே செய்துமுடித்தார். அந்தப் பாட்டைப் பார்த்துவிட்டுத்தான் நாட்டில் பாதிப் பையன்கள் 'நம்மாலும் ஆகும்' என்று துணிந்திருப்பார்கள். இன்றைக்கு ஐபேடும் வேண்டாம். பீரோ கதவைத் திறந்து துணிகளுக்கு நடுவே தலையை நுழைத்துப் பாடினால் எதிரொலி அடங்கிவிடும் என்பது சின்னப் பையனுக்கும் தெரிந்த தொழில் ரகசியம். வாசற்படிகளில் காவலாளி இல்லை. கூடவே வாத்தியக்காரரும் இல்லை. முன்பு ஓர் ஆர்க்கெஸ்ட்ரா கிளம்பினால் பத்துப் பன்னிரண்டு வீடுகளில் அடுப்பெரிந்தது. தபேலாக்காரர், டிரம்ஸ்காரர், லைட் செட், மைக் செட், வேன் டிரைவர். இன்றைய பாட்டில் அந்தப் பன்னிரண்டு பேரும் ஒரு செயலிக்குள் போய்விட்டார்கள்.

போனதில் பெரியது அந்தக் கூட்டம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒப்பாரிக்குப் பதில் ஒப்பாரி வைக்க ஆள் இருந்தது. கானா பாடினால் பின்பாட்டுக்கு ஆள் இருந்தது. அந்தக் கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவர முயன்றவர்களும் உண்டு. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி நடத்திய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, கானாக்காரர்களையும் ராப்பர்களையும் பறையையும் ஒரே மேடையில் ஏற்றியது, பத்தொன்பது பேர். அதிலிருந்து வந்த அரக்கோணத்து ராப்பர் அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை 2021-இல் 'எஞ்சாய் எஞ்சாமி'க்குள் கொண்டுவந்தார். பேரில்லாமல் போன ஒப்பாரிக்காரிகளில் ஒருத்திக்கு உலகறியப் பேர் கிடைத்தது.

கூலி கிடைத்ததா என்பது வேறு. அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு பைசாவும் வரவில்லை என்று 2024 மார்ச்சில் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகவே சொன்னார். கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டின் கதி அது. ஆயிரம் பேர் கேட்கும் ஆடுகோடிப் பையன் என்ன எதிர்பார்க்க முடியும்? மைக்கோ தொழிலாளிக்கு மாதம் பிறந்தால் சம்பளச் சீட்டு, பி.எஃப்., போனஸ், கேட்கச் சங்கம். பேரன் பகலில் உணவுப் பை சுமந்து பைக் ஓட்டி, அந்தக் காசில் இரவில் மிக்ஸிங் செய்துகொள்கிறான். பாட்டு அவனுக்குச் சோறு போடவில்லை. அவன்தான் பாட்டுக்குச் சோறு போடுகிறான்.

இன்னொரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. கஷ்டம் இருந்தால்தான் ராப்பர் என்ற எதிர்பார்ப்பு. பேட்டி எடுக்கிறவர் முதல் கேள்வியிலேயே வறுமையைத் தேடுகிறார். கஷ்டம் தீர்ந்தவனுக்கு அடுத்த ஆல்பத்துக்கு என்ன இருக்கிறது? ராப்பர் ஹனுமான்கைண்ட் இந்த இடத்தில் எனக்கு உதவுகிறார். மலப்புறத்தில் பிறந்து, ஹூஸ்டனில் வளர்ந்து, பெங்களூரில் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டே மேடையேறியவர். குடிசையில் பிறந்ததாக அவர் கதை கட்டவில்லை. 2024 ஜூலையில் வந்த 'பிக் டாக்ஸ்' அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் ஏறியது. அதன் வீடியோவில் அவரைச் சுற்றி ஓடுகிறவர்கள், நம் ஊர்த் திருவிழாக்களில் டிக்கெட் வாங்கிப் பார்த்த மரணக் கிணற்று ஓட்டிகள். அவர்கள் வித்தை எத்தனையோ காலமாக இருக்கிறது. உலகம் பார்த்தது இப்போது.

எங்கள் தெருவில் ராப் இன்னும் புகாத இடம் ஒன்றுதான், சாவு வீடு. தன் தகப்பனைப் பற்றி மூன்று நிமிடப் பாட்டு எழுதி வெளியிட்ட பையன்கூட, அவர் இறந்த அன்று தமட்டைக்குத்தான் ஆள் அனுப்புவான். அவர்கள் நாலு பேராக வருவார்கள், பேர் யாரும் கேட்பதில்லை, பிணம் எடுக்கும்வரை அடிப்பார்கள். கூலி அன்று சாயங்காலமே கையில் கிடைத்துவிடும்.