எடை குறைந்துவிட்டது, மாத்திரை எதற்கு?

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், ஜவ்வாது மலை கண்ணில் படத் தொடங்கும் பக்கத்தில் இருக்கிறது கணியம்பாடி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, அதாவது சிஎம்சி, பல பத்தாண்டுகளாகத் தன் சமூக மருத்துவப் பணிக்கு எடுத்துக்கொண்ட ஒன்றியம் இது. இங்குள்ள கிராமங்களிலும் வேலூர் நகரிலும் 1991–94இல் இதய நோயை வரவழைக்கும் காரணிகளைக் கணக்கெடுத்தார்கள். அதே கணக்கெடுப்பை 2010–12இல் மறுபடியும் செய்தார்கள். இடையில் இருந்தது இருபது ஆண்டுகூட இல்லை. அதற்குள் வயல்வெளிக் கிராமங்களிலேயே அதிக எடையும் சர்க்கரை நோயும் ஏறியிருந்தன. தமிழ்நாடு முழுவதற்கும் பார்த்தால், 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடை கொண்டவர்கள்.

ஆகவே, ஒரு காலத்தில் பணக்காரர்களின் பேச்சாக இருந்த எடைக்குறைப்பு ஆபரேஷன் இப்போது சின்ன ஊர்களிலும் பேச்சாகிவிட்டது. பேச்சு பெரும்பாலும் எத்தனை கிலோ குறைந்தது, எவ்வளவு செலவானது என்பதோடு நின்றுவிடுகிறது. டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசிப் பத்தியில் எழுதியிருக்கும் வைட்டமின் மாத்திரைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதல் ஆறு மாதம் ஒழுங்காகப் போடுகிறார்கள். சர்க்கரை இறங்குகிறது, மூட்டு வலி குறைகிறது, பழைய சட்டையெல்லாம் தொளதொளக்கிறது. அத்தோடு மாத்திரை டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. “உடம்புதான் நல்லா ஆயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?” என்ற கேள்வி நியாயமானதுதான். டானிக் என்றால் தெம்பு வந்ததும் நிறுத்திவிடலாம். ஆனால் இது தைராய்டு மாத்திரையின் வகை. வெட்டி எடுத்ததும் மாற்றித் தைத்ததும் திரும்ப வளரப்போவதில்லை என்பதால் மாத்திரையும் ஆயுளுக்கும் தொடரும்.

இப்போது அதிகம் செய்யப்படுவது இரண்டு வகை. ஸ்லீவ் என்பதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டுக் குறுகலான குழாயாக விட்டுவைக்கிறார்கள். பைபாஸ் என்பதில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி, அதாவது இரண்டு மேஜைக்கரண்டி கொள்ளும் சின்னப் பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலில் சற்றுக் கீழே உள்ள பகுதியோடு இணைக்கிறார்கள். சாப்பாடு பெரிய இரைப்பையையும் முன்சிறுகுடலையும் தொடாமல் நேரே கீழே போய்விடும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் 1966இல் தொடங்கிவைத்த வழி இது. அதற்கு முன்பு சிறுகுடலின் பெரும்பகுதியையே சுற்றிவிடும் ஆபரேஷன் ஒன்று இருந்தது. எடை என்னவோ நன்றாகக் குறைந்தது. கூடவே கடுமையான சத்துக்குறைவும் ஈரல் கேடும் வந்ததால் அதைக் கைவிட்டார்கள். சத்துக் குறைவது இந்தச் சிகிச்சையோடு பிறந்தது என்பதற்கு அந்தப் பழைய அனுபவமே போதும்.

எந்தச் சத்து எங்கே உறிஞ்சப்படுகிறது என்று தெரிந்தால், எந்த மாத்திரை ஏன் என்பது விளங்கும். பி12இலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதன் கதையில் வேலூருக்கே பெரிய பங்கு உண்டு.

இறைச்சி, முட்டை, பாலில் இருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இரைப்பை அமிலம்தான் அதைப் பிரிக்க வேண்டும். பிறகு இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு தனிப் புரதம் அதைப் பிடித்துக்கொண்டு சிறுகுடலின் கடைசி வரை போனால்தான் ரத்தத்தில் சேரும். ஸ்லீவில் இவற்றைச் சுரக்கும் பகுதியில் பெரும்பங்கு போய்விடுகிறது. பைபாஸில் சாப்பாடு அந்தப் பகுதியைப் பார்ப்பதே இல்லை.

1960களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் ‘ஸ்ப்ரூ’ என்ற குடல் நோய் கொள்ளைநோய் போலப் பரவியது. ஓயாத வயிற்றுப்போக்கு, சாப்பிட்டும் இளைத்துப்போகும் உடம்பு, ரத்தசோகை. குடலின் உட்சுவர் சிதைந்து சத்து எதுவும் உள்ளே போகாத நிலை. சிஎம்சியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் ஊர் ஊராகப் போய் இதை ஆராய்ந்தார்கள். பி12, ஃபோலிக் அமிலம் இரண்டும் குடலில் எப்படிச் சேர்கின்றன, எப்போது சேராமல் போகின்றன என்பதைப் பற்றி உலகம் அறிந்ததில் கணிசமான பகுதி அந்த வேலையிலிருந்து வந்தது. இன்று ஆபரேஷன் செய்துகொண்டவரின் குடல் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்ப்ரூ நோய் அடைத்துவைத்த அதே வழியின் ஒரு பகுதியைக் கத்தி அடைத்திருக்கிறது.

அதே வேலூர்க் குழு 1980இல் ‘நேச்சர்’ இதழில் இன்னொன்றையும் எழுதியது. நலமாக உள்ள தென்னிந்தியர்களின் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் பி12ஐத் தாங்களே தயாரிக்கின்றன என்பது அவர்கள் கண்டது. தயிர்ச் சாதமும் சாம்பாருமாகக் காலம் தள்ளுகிறவர்களுக்கு அது இயற்கை தரும் சிறிய மானியம். ஆனால் குடலில் உண்டான பி12ஐயும் உள்ளே சேர்க்க அந்த இரைப்பைப் புரதம் வேண்டும். அது குறைந்த பிறகு மானியமும் கைக்கு வராது.

ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது இரண்டு மைக்ரோகிராம் சொச்சம்தான். அமெரிக்க எடைக்குறைப்பு அறுவை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதலோ தினம் 350 முதல் 1,000 மைக்ரோகிராம் வரை மாத்திரையாகப் போடச் சொல்கிறது. இதைப் பார்த்து மிரள வேண்டாம். அந்தப் புரதத்தின் துணை இல்லாமல், விழுங்கியதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு மட்டும் தானாகக் கசிந்து உள்ளே போகும். ஆயிரம் விழுங்கினால் பத்து சேரும். அதனால்தான் அவ்வளவு பெரிய எண். மாத்திரை ஒத்துவராதவர்களுக்கு மாதம் ஒரு ஊசி உண்டு. சாதாரண சத்து மாத்திரைகள் பலவற்றில் பி12 சில மைக்ரோகிராம்கள்தான் இருக்கும் என்பதால், அட்டையைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும்.

பி12 விஷயத்தில் ஏமாற்றுவது அதன் இருப்பு. ஈரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமானது சேர்ந்திருக்கும். மாத்திரையை நிறுத்தியவருக்கு முதல் வருடம் ஒன்றும் ஆகாது. இரண்டு மூன்று வருடம் கழித்துக் கால் மரத்துப்போகும், நடை தடுமாறும், மறதி வரும். ஆபரேஷனை அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள். சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையும் பி12ஐக் குறைக்கும். கால் மரத்தால் சர்க்கரையின் மேல் பழி போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவதுதான் வழக்கம்.

பி1, அதாவது தயமின், இதற்கு நேர் எதிர். உடம்பில் இருக்கும் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். அது தீர்ந்தால் வருவது பெரிபெரி. இந்தியாவின் சத்துணவு ஆராய்ச்சியே அந்த நோயிலிருந்துதான் தொடங்கியது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் ஆரம்பித்த பெரிபெரி ஆய்வுக்கூடம்தான் பின்னாளில் ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. தீட்டிய பச்சரிசியை உண்ட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கலரிசி உண்ட பகுதிகளில் அது அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதுதான் காரணம். நம் பாட்டிமார்கள் சத்துக் கணக்கு போட்டு நெல் அவிக்கவில்லை என்றாலும் பலன் கிடைத்தது.

ஆபரேஷன் ஆன முதல் சில மாதங்களில் சாப்பிடுவது மிகக் கொஞ்சம். சிலருக்கு வாந்தி நிற்காது. அப்போது தயமின் வேகமாகக் கரைகிறது. கண்பார்வை இரட்டையாகும், கருவிழி தானாக ஆடும், நடக்கையில் தள்ளாடும், பேச்சு குழம்பும். மூளையைத் தாக்கும் இந்த நிலைக்கு வெர்னிக்கே என்று பெயர். உடனே ஊசி வழியாகத் தயமின் கொடுத்தால் மீட்டுவிடலாம். நாட்கள் கடந்தால் நினைவாற்றல் நிரந்தரமாகவே போய்விடக்கூடும்.

இந்த இடத்தில்தான் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று விபரீதமாகிறது. நாலு நாள் வாந்தி எடுத்துச் சோர்ந்துபோன ஆளைப் பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போய், “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க சார்” என்று வீட்டுக்காரர்களே கேட்கிறோம். குளுக்கோஸை எரிக்க உடம்புக்குத் தயமின் வேண்டும். மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் அந்தப் பாட்டில் தீர்த்துவிட்டால், அதுவரை சோர்வாக மட்டும் இருந்தவர் சில மணி நேரத்தில் குழம்பிப்போகலாம். பாட்டிலைத் தொங்கவிடும் முன்பே, இவருக்கு இரைப்பை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, முதலில் பி1 ஊசி போடுங்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டின் படம் நோயாளியின் போனில் மட்டுமல்லாமல் வீட்டிலுள்ள இன்னொருவர் போனிலும் இருக்க வேண்டும். குழம்பிப்போன ஆள் தன் போனைத் திறந்து காட்ட முடியாது அல்லவா? ஆபரேஷன் செய்யும் இடங்கள் ‘முதலில் பி1 ஊசி’ என்ற ஒரு வரியைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்துக் கொடுத்தாலே பாதி ஆபத்து குறையும் என்பது என் எண்ணம்.

இரும்பும் கால்சியமும் அதிகம் சேர்வது முன்சிறுகுடலில். பைபாஸில் சாப்பாடு அதைத் தொடுவதில்லை. ஸ்லீவில் அமிலம் குறைகிறது. தமிழ்நாட்டில் 53.4 சதவீதப் பெண்களுக்கு ஆபரேஷன் எதுவும் இல்லாமலே ரத்தசோகை இருக்கிறது என்கிறது அதே குடும்பநல ஆய்வு. மாதவிடாய் உள்ள பெண்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு தினம் 45 முதல் 60 மி.கி. இரும்பு தேவை என்பது அமெரிக்க வழிகாட்டுதல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. இரும்புக்கு அது உதவும். அதையே எல்லாவற்றுக்கும் போதுமென்று நினைப்பதில்தான் சிக்கல். அதில் பி12 இல்லை. ஃபோலிக் அமிலம் மட்டும் நிறையப் போனால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும், பி12 இல்லாமல் நரம்பு கெடுவது உள்ளுக்குள் நடந்துகொண்டே இருக்கும்.

கால்சியம் தினம் 1,200 முதல் 1,500 மி.கி. வேண்டும். “கேழ்வரகு சாப்பிட்டால் போதாதா?” என்று இந்தப் பக்கத்தில் கேட்காதவர் இல்லை. கேழ்வரகில் கால்சியம் அதிகம் என்பது உண்மை, நூறு கிராமில் சுமார் 350 மி.கி. இருக்கிறது. அந்தக் கணக்கில் 1,200 மி.கி. வேண்டுமென்றால் தினம் 350 கிராம் மாவு, குறைந்தது மூன்று உருண்டைக் களி. பழைய வயிற்றுக்கு அது ஒரு பொருட்டில்லை. இரண்டு மேஜைக்கரண்டிப் பைக்கு ஒரு உருண்டையே ஏறாது. கேழ்வரகிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் கால்சியத்தையும் இரும்பையும் பிடித்துவைத்துக்கொள்வதும் உண்டு. களியோ சாமைச் சோறோ கீரையோ ருசிக்கும் பழக்கத்துக்கும் கொஞ்சமாகச் சாப்பிடலாம், மாத்திரைக்கு ஈடாகாது. சிட்ரேட் வகைக் கால்சியத்துக்கு அமிலம் அவ்வளவாகத் தேவையில்லை என்பதால் இவர்களுக்கு ஏற்றது. கார்பனேட் வகையானால் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும்.

போடும் நேரத்தில்தான் குடும்பங்கள் அதிகம் தவறுகின்றன. எல்லா மாத்திரைகளையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் முடித்துவிடுவது வசதிதான். ஆனால் கால்சியம் இரும்பை உள்ளே விடாது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியமே ஒரு வேளைக்கு 500, 600 மி.கி.க்கு மேல் சேராது என்பதால் அதையும் பிரித்துத்தான் போட வேண்டும். டீ, காபி இரும்பைத் தடுக்கும். விடிந்ததும் டீ இல்லாமல் முடியாது என்பவர்கள் இரும்பு மாத்திரையைப் படுக்கப்போகும் நேரத்துக்குத் தள்ளிவிடுவது நல்லது. வைட்டமின் டி வேறு கதை. கடைகளில் கிடைக்கும் 60,000 யூனிட் பாக்கெட் பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று என்று எழுதித் தரப்படுவது. நல்லதுதானே என்று தினம் ஒன்றாகப் போட்டால் ரத்தத்தில் கால்சியம் எகிறிச் சிறுநீரகம் பாதிக்கப்படும்.

மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டும். வேகமாக எடை இறங்கும்போது வருவது இது, பெரும்பாலும் தானே நின்றுவிடும். பயந்துபோய் பயோட்டின் மாத்திரை வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதிக அளவு பயோட்டின், தைராய்டு போன்ற ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தப்பாகக் காட்டவைக்கும். முடி கொட்டுவது நிற்கவில்லை என்றால் இரும்பையும் துத்தநாகத்தையும் பரிசோதிப்பதுதான் முறை. துத்தநாகத்தை மட்டும் தனியாக நிறையப் போட்டால் தாமிரம் குறைந்துவிடும்.

ரத்தப் பரிசோதனை முதல் வருடத்தில் மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில், பிறகு ஆண்டுக்கொரு முறை. ஹீமோகுளோபின் பார்த்தால் மட்டும் போதாது. ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் எல்லாம் பார்க்க வேண்டும். மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த முடிவுகளைப் பார்த்து டாக்டர் செய்ய வேண்டியது. ஆபரேஷனுக்குப் பேக்கேஜ் சொல்லும் மருத்துவமனைகள் இந்த வருடாந்திரச் செலவையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

நம் ஊரில் கல்யாணத்துக்காகவே எடை குறைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். எடை இறங்கியதும் சினைப்பை நீர்க்கட்டித் தொல்லை குறைந்து கரு சீக்கிரம் தங்கிவிடும், மாமியார் வீட்டு அவசரமும் சேர்ந்துகொள்ளும். ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள், சத்துக் குறைந்த உடம்பில் கரு வளர்ந்தால் பாதிப்பு குழந்தைக்கும் போகும் என்பதால். கருத்தடை மாத்திரைகூட பைபாஸுக்குப் பின் சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம், வேறு முறைதான் பத்திரம். கர்ப்பகாலத்தில் வைட்டமின் ஏ, ரெட்டினால் வகையாக இல்லாமல் பீட்டா கரோட்டின் வகையாக இருக்க வேண்டும்.

கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது ஆபரேஷன் விவரத்தை மறைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்துச் சர்க்கரை பார்ப்பது வழக்கம். பைபாஸ் ஆனவருக்கு அந்தத் தண்ணீர் ஒரே ஓட்டமாகக் குடலுக்குள் இறங்கி, வியர்க்கவும் படபடக்கவும் தலை சுற்றவும் வைக்கும், பிறகு சர்க்கரை சட்டென்று தாழ்ந்தும் போகலாம். அவருக்கு மாற்று வழி உண்டு. ஆறாம் மாதத்தையொட்டி ஒரு வாரம், வெறும் வயிற்றிலும் ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் விரல் நுனியில் ரத்தம் எடுத்து வீட்டிலேயே பார்த்து எழுதிவைத்தால் போதும். இதைச் செவிலியரிடம் டம்ளரைக் கையில் வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.