பூவரசம்பூவின் அரசியல்

மண்டபம், பாம்பன் பக்கம் வேலியோரங்களில் பூவரசு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளாய் விரிகிற பூ வாடும்போது சிவந்துபோகும். பிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதும். பூவை யாரும் சீண்டுவதில்லை. இந்தப் பூவைத்தான் 1930களில் கடலுக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் பேரரசின் பூ ஒன்றுக்கு எதிராக இளைஞர்கள் தெருவில் நின்று விற்றார்கள். சிங்களத்தில் அதற்குச் 'சூரிய மல்' என்று பெயர். 'மல்' என்றால் பூ. தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிய காலத்தில் நடந்தது இது. ஆனாலும் நம் கரையில் அதிகம் பேசப்படவில்லை.

முதலில் எதிர்ப்பக்கத்துப் பூவைப் பார்த்துவிடுவோம். முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் போர்க்களங்களில் முளைத்த சிவப்புப் பாப்பிப் பூவை வைத்து 1915ல் கனடா ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே ஒரு கவிதை எழுதினார். 1918ல் அமெரிக்காவின் மொய்னா மைக்கேல் அதை நினைவுச் சின்னமாக அணியத் தொடங்கினார். 1921லிருந்து போர் முடிந்த நாளான நவம்பர் 11ஐ ஒட்டி பிரிட்டனில் பாப்பி விற்பனை நடக்கிறது. காசு முன்னாள் வீரர்களுக்கு. 1922ல் தொடங்கிய ஒரு பட்டறையில் ஊனமுற்ற வீரர்களே பூச்செய்து பிழைத்தார்கள். காலிழந்து வந்தவனுக்குச் சோறு போட்ட பூ அது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

சிக்கல் அந்தப் பூ காலனிகளுக்குக் கப்பலேறியபோது வந்தது. இலங்கையில் பள்ளிப் பிள்ளைகள் வரை பாப்பி வாங்க வைக்கப்பட்டார்கள். வசூலில் பெரும்பகுதி பிரிட்டனுக்குப் போனது. அதே போரில் பேரரசுக்காகப் போய்த் திரும்பிய இலங்கைக்காரன் கையேந்தி நின்றான். இதைக் கண்டித்து ஏலியன் பெரேரா என்கிற முன்னாள் வீரர் அதே நாளில் சூரிய மல் விற்பனையைத் தொடங்கினார். அவருடைய கேள்வி ஒன்றுதான்: காசு யாருக்கு?

1933ல் டோரீன் யங் என்ற ஆங்கிலேய ஆசிரியை 'பூக்களின் போர்' என்று தலைப்பிட்டுச் 'சிலோன் டெய்லி நியூஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். சொந்த நாட்டு வீரன் பட்டினி கிடக்க, இலங்கைப் பிள்ளைகளிடம் பிரிட்டிஷ் வீரனுக்காகக் காசு பிடுங்குவதை அதில் கிழித்துப் போட்டார். அவருடைய நாட்டவர் அவரைத் தூற்றினார்கள். தென் கொழும்பு வாலிபர் சங்கம் இயக்கத்தைக் கையிலெடுத்தது, டோரீன் தலைவரானார். இப்போது கேள்வி மாறுகிறது. போர் யாருடையது? ஏகாதிபத்தியத்தின் அடுத்த போருக்கு நாம் ஏன் ஆளும் காசும் தர வேண்டும்? கவனியுங்கள், இதே 1933ல்தான் இங்கிலாந்தில் கூட்டுறவுப் பெண்கள் சங்கம் போர் வேண்டாமென்று வெள்ளைப் பாப்பியை விற்றது. வேறு வேறு நிலத்தில் பூத்தாலும் இரண்டும் ஒரே அதிகாரத்தைப் பார்த்துத்தான் பேசின.

சூரிய மல் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏழைகள். சேர்ந்த பணம் கொஞ்சம்தான். ஆனாலும் தெரு வசூலுக்கெதிராகச் சட்டம் கொண்டுவந்து அதை முடக்கப் பார்த்தது அரசு. பயம் காசைப் பற்றியதாக இருந்திருக்க முடியாது.

மூன்றாவது திருப்பம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1934-35ல் இலங்கையில் மலேரியா லட்சம் பேர் வரை கொன்றது. பூ விற்ற இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குப் போனார்கள். 1935 டிசம்பரில் பிறந்த லங்கா சமசமாஜக் கட்சிக்கு இந்த அனுபவம்தான் அடியுரம். காசு யாருக்கு, போர் யாருடையது என்று கேட்டு வந்தவர்கள் இங்கே கேட்டது: யாருடைய சாவு சாவாகக் கணக்கில் வருகிறது? காய்ச்சலில் செத்த குடியானவனுக்காக எந்தப் பேரரசும் பூக் குத்திக்கொள்ளவில்லை.

இனி நம் கரைக்கு வருவோம். காலனி ஆட்சியில் இந்தியாவிலும் பாப்பி விற்றார்கள். விடுதலைக்குப் பின் 1949லிருந்து டிசம்பர் 7 கொடிநாளாயிற்று. பூ போய், சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் கொண்ட சின்னக் கொடி வந்தது. போர் விதவைகளுக்கும் ஊனமுற்ற வீரர்களுக்கும் அந்த நிதி வேண்டும்தான். ராமநாதபுரத்துக் கிராமங்களிலும் பட்டாளத்துக்குப் போன வீடுகள் உண்டு. ஆனால் வசூல் இலக்காகி மேலிருந்து கீழே இறங்கும்போது நினைவு கழன்று வரி மட்டும் மிஞ்சுகிறது. ஒரு அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கடற்கரைக்கார அம்மா கொடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்குப்பு?"

"பட்டாளத்துக்காரங்க குடும்பத்துக்குத்தா."

"சரித்தான், குடுப்பம். கடலுக்குப் போயித் திரும்பாதவுகளுக்கு எந்தக் காயிதத்தக் குத்துறது?"

டோரீனின் கட்டுரையை அந்த அம்மா படித்திருக்க வாய்ப்பில்லை. கேள்வி என்னவோ அதுதான்.

இந்தக் கரையில் இன்னொரு பூவும் இருக்கிறது. செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். அதையே கார்த்திகைப் பூ என்று, நவம்பர் 27ல் புலிகள் இயக்கத்தின் மாவீரர்களுக்காக ஈழத்தமிழர்கள் சூடுகிறார்கள். இங்கே அரசுச் சின்னம். இலங்கையில் 2009க்குப் பின் பல ஆண்டுகள் அந்த நினைவுகூரலே தடுக்கப்பட்டது. 1987-90ல் அங்கே போன இந்திய அமைதிப்படையில் சுமார் 1,200 வீரர்கள் மாண்டார்கள். அந்த வீரனின் தாய்க்குக் கொடி. மண்டபம் முகாமில் மகனை இழந்த தாய்க்குக் கார்த்திகைப் பூ. ஒரே போரில் செத்தவர்கள். ஒரு சின்னம் மற்றதைப் பார்ப்பதில்லை. துப்பாக்கி ஏந்தாமல் செத்தவர்களையோ இரண்டுமே பார்ப்பதில்லை.

அவர்களுக்காக மே 18ல் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிறார்கள். அரிசி, தண்ணீர், உப்பு. கடைசி நாட்களில் உயிர் பிடித்து வைத்த அதே கஞ்சி. குத்திக்கொள்ளப் பூ இல்லை, விற்பனை இல்லை, வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு குவளை. மலேரியா கிராமங்களுக்கு உணவு சுமந்து போனவர்களின் வழியும் இதுதான். சட்டையில் எதைக் குத்துவது என்பதிலிருந்து யார் பசியை ஆற்றுவது என்பதற்கு நினைவு நகரும்போதுதான், கணக்கில் வராத சாவுகள் உள்ளே வர இடம் கிடைக்கிறது.