குடிகளும் ஏடுகளும் – 9: புத்தகம் சாட்சியா, நீதிபதியா?

சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய ஏழு தொகுதிகள் ஆராய்ச்சியாளர்களின் மேசையோடு நின்றிருந்தால், இந்த வாரம் அவரிடம் திரும்பி வர வேண்டியிருக்காது. பழங்குடிச் சான்றிதழின் மெய்த்தன்மையை விசாரிக்கும்போது, குலதெய்வம் எது, தாலி கட்டுவது எப்படி, சாவுச் சடங்கு என்ன என்று கேட்டு, பதில்கள் இத்தகைய நூல்களின் வர்ணனையோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார்கள். ஒத்துப்போகாவிட்டால் சந்தேகம் விழுவது ஆளின் மேல்தான். நூறாண்டுப் பழைய ஏட்டை யாரும் சந்தேகிப்பதில்லை. ஒரு குடியைப் பற்றிய புத்தகம் அந்தக் குடிக்குச் சாட்சி சொல்லலாம், தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதே என் வாதம்.

திருத்தங்கலுக்கு மேற்கே, திருவில்லிபுத்தூரைத் தாண்டிப் போனால் மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு. அங்கே பளியர் என்னும் பழங்குடியினரின் குடியிருப்பு உண்டு. பளியர் என்றதும் பழைய நூல்கள் காட்டுவது செங்குத்துப் பாறையில் கொடி கட்டி இறங்கித் தேன் எடுப்பவரை, காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டுபவரை. அது பொய்யில்லை, ஆனால் பாதிதான். 1960களில் பளியரிடையே களஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர், 2000இல் வெளியிட்ட நூலில் மறுபாதியைக் காட்டினார். ஊர்ப்பக்கம் வந்து கூலி வேலை செய்யும்போது ஊராரின் பழக்கங்களோடும், காட்டுக்குள் போனால் தங்கள் பழைய முறையோடும் வாழத் தெரிந்தவர்கள் அவர்கள். இரண்டு பண்பாடும் அவர்களுடையவைதான். அப்படியிருக்க, அடிவாரத்துப் பிள்ளை ஒன்று பள்ளியில் படித்து, சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போய், மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தால் அதன் பளியத்தன்மையில் எது குறைந்துவிட்டது? பதில்களைப் புத்தகத்தோடு ஒப்பிடும் இந்த ஒற்றுமைச் சோதனை உரைகல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலும், பிறகு 2023இல் மூன்று நீதிபதிகள் அமர்விலும் சொல்லியிருக்கிறது.

எதிர்வாதம் வலுவானது, தட்டிக்கழிக்க முடியாது. போலிச் சான்றிதழ் வாங்கிப் பழங்குடியினரின் படிப்பையும் வேலையையும் பறித்தவர்கள் உண்டு. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் மெய்த்தன்மை ஆய்வுக் குழுக்களை அமைக்கச் சொன்னதே அதனால்தான். ஆய்வு வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் புத்தகத்தை வைத்துத் தேர்வு நடத்தினால் தேறப்போவது யார்? படித்த, வசதியுள்ள போலி ஆள் தர்ஸ்டனை வரிக்கு வரி மனப்பாடம் செய்துவிடுவார். உண்மையான பளியரோ, தாத்தா செய்த சடங்கு தனக்குத் தெரியாது என்று உள்ளதைச் சொல்லித் தோற்பார். அவருக்கு ஏன் தெரியாமல் போனது என்பதையும் பார்க்க வேண்டும். செண்பகத்தோப்பு மலை 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமானது. 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமானது. காட்டுக்குள் போக ஒவ்வொரு கட்டுப்பாடாக விதித்துவிட்டு, காட்டு வழக்கம் எங்கே என்று அதே அரசு கேட்பது நியாயமா?

குடும்பத்தின் குலத்தைக் குறித்த, 1950க்கு முந்தைய ஆவணம் இருந்தால் போதுமே என்பார்கள். பட்டா இல்லாத, பள்ளிக்கூடமே பார்க்காத தாத்தாவின் பெயர் எந்த ஏட்டில் ஏறியிருக்கும்? வேறு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் விதிகள், உரிமை கோருபவர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் பதிந்து சான்றாக ஏற்கின்றன. ஆய்வு நூல்களையும் அதே வரிசையில் ஒரு சான்றாக வைக்கின்றன. காட்டு நிலத்துக்குச் செல்லுபடியாகும் வாக்குமூலம் சான்றிதழுக்கும் செல்லுபடியாகட்டும். ஒரு பெரியவரை விலைக்கு வாங்கலாமே என்றால், வாங்கலாம்தான். ஆனால் மூன்று தலைமுறையாக யார் வீட்டில் பெண் எடுத்தார்கள், யார் வீட்டுச் சாவுக்கு யார் தோள் கொடுத்தார்கள் என்ற உறவுமுறையை நான்கு குடியிருப்புகளில் தனித்தனியாக விசாரித்தால், பொய் சொல்லித் தப்புவது கடினம். பழங்குடிச் சான்றிதழ் வழங்கும் கோட்டாட்சியர் அந்த விசாரணையை அலுவலகத்தில் அல்ல, குடியிருப்புக்கே போய் நடத்த வேண்டும்; அங்கே தன் பாட்டி பெயரைச் சொல்லத் தெரிந்தவரிடம் தேனெடுக்கத் தெரியுமா என்று கேட்க வேண்டியதில்லை.