குழாயில் நீர் வந்தால்தானே குளிக்கலாம்

தென் அவுஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையிலுள்ள பாலைநிலத்தில் அனாங்கு எனும் ஆதிக்குடி மக்கள் வாழ்கின்றனர். இவர்கள் 1983இல் 'ஙானம்பா' எனும் சுகாதார சபையைத் தாமே நிறுவினர். வைத்தியம் கிடைத்தது, ஆயினும் குழந்தைகளுக்குச் சிரங்கும் கண்நோயும் வயிற்றோட்டமும் திரும்பத் திரும்ப வந்தன. மாற்றி அனுப்பிய பிள்ளை அதே வீட்டுக்குத்தானே போகிறது!

1985இல் சபையின் பணிப்பாளர் யாமி லெஸ்ரர், ஒரு வைத்தியர், ஒரு கட்டடக் கலைஞர், ஒரு சுற்றாடல் சுகாதார அலுவலர் ஆகிய மூவரிடம், மக்கள் நோயுறாதிருக்க வழி தேடுமாறு கேட்டார். 1987இல் வெளிவந்த அவர்களது அறிக்கை ஒன்பது காரியங்களை வரிசைப்படுத்தியது. முதலாவது, உடலைக் கழுவுதல். விசேடமாக ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை. அடுத்தது துணி துவைத்தல். பின்னர் கழிவுநீர், உணவு, நெரிசல், புழுதி என அது நீள்கிறது.

'சுத்தமாயிருங்கள்' என்று போதிப்பது எளிது. நாமும் எத்தனை கூட்டங்களில் இதைக் கேட்டிருக்கிறோம்! இவர்களோ போதிக்குமுன் வீடு வீடாகச் சென்று குழாயைத் திறந்து பார்த்தார்கள். இம்முறை பிற மாநிலங்களுக்கும் பரவியபின் கிடைத்த கணக்கின்படி, நூறு வீடுகளில் ஏறத்தாழ 35இல் மட்டுமே குளிக்கும் குழாய் ஒழுங்காக வேலை செய்தது. குடியிருப்போர் உடைத்தார்கள் என்பதே ஊர்ப்பேச்சு. ஆனால் பழுதுகளில் பத்தில் ஒன்றுகூட அவர்களால் வந்ததல்ல. பெரும்பாலானவை பராமரிப்பின்மையால் வந்தவை. மற்றவை ஆரம்பத்திலேயே பிழையாகப் பொருத்தப்பட்டவை. முகாம் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இது புதுமையாக இராது.

இம்முறையில் எமக்குப் பிடித்த விதி ஒன்றுண்டு: திருத்தாமல் கணக்கெடுக்கக் கூடாது. முதல் நாளிலேயே திருத்த வேலை தொடங்க வேண்டும். படிவம் நிரப்பிக்கொண்டு போனவர்கள் திரும்பி வராத கதை இங்கில்லை. குழுக்களில் பெரும்பான்மையினர் அந்தந்த ஊர் ஆதிக்குடி மக்களே. மின்னிணைப்பைச் சோதிக்கவும், நீரின் சூட்டை அளக்கவும், வடிகால் அடைத்திருக்கிறதா என்று பார்க்கவும் அவர்கள் பயிற்றப்பட்டனர். சுகாதாரக் கல்வி என்றால் எம் மனதில் வருவது சுவரொட்டிதான். இங்கே அது கையில் பிடிக்கும் ஆயுதங்களோடு நடந்தது. தம்மால் இயலாததற்கு மட்டும் மின்வினைஞரையும் குழாய் பொருத்துநரையும் அழைத்தனர்.

நியூ சவுத் வேல்ஸ் மாநில சுகாதாரத் திணைக்களம் பத்து ஆண்டுப் பணியை ஆராய்ந்து 2010இல் அறிக்கை வெளியிட்டது. இவ்வாறு திருத்தப்பட்ட வீடுகளில் வாழ்ந்தோர் தொற்றுநோயால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவது, அம்மாநிலக் கிராமப்புறங்களின் ஏனைய ஆதிக்குடி மக்களோடு ஒப்பிடுகையில் நூற்றுக்கு 40 குறைவாயிருந்தது.