வேலி தாண்டும் நோய்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பெரும் பண்ணைகள் சிலவே; வீட்டுக்குப் பாலும் தோட்டத்துக்கு எருவும் தருகின்ற இரண்டொரு பசுக்களை வளவிலுள்ள கொட்டிலிற் கட்டி வளர்க்கும் குடும்பங்களே மிகப் பல. ஆதலினாலேதான், 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இலங்கை அதுவரை கண்டிராத தோல் கழலை நோய் வட மாகாணத்து மாடுகளிடையே தலைகாட்டியபோது, அது எளிய குடும்பங்களின் ஜீவனத்தையே தீண்டிய விபத்தாயிற்று.

பெரியம்மை என்று நம்மவர் பலர் வழங்கும் இந்நோய், 1929இல் இன்றைய சாம்பியா நாட்டில் முதன்முதலாக அறியப்பட்டு, நெடுங்காலம் ஆபிரிக்காவுக்குள்ளேயே அடங்கிக் கிடந்து, பின்னர் மத்திய கிழக்கைக் கடந்து, 2019இல் வங்காளதேசத்தையும் இந்தியாவையும் அடைந்து, மறு ஆண்டிலே நம்மிடம் வந்தது. இதன் வைரசு ஆட்டம்மை வைரசுக்கு நெருங்கிய உறவுடையதெனினும், இது பீடிப்பது பெரும்பாலும் மாடுகளையும் எருமைகளையுமே. கடுஞ்சுரம் கண்டு, நிணநீர்க் கணுக்கள் வீங்கி, உடலெங்கும் உருண்டை உருண்டையான கழலைகள் எழும்பி, சில வேளை அவை புண்ணாகி, கால்களும் வீங்கிப் பசு தீனெடாது நிற்கும். இறப்பவை பொதுவாக நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படா. ஆனால் பால் வற்றுதலும், கன்று கலைதலும், உடல் மெலிதலும் ஒரே பசுவை நம்பிய குடும்பத்துக்குச் சிறிய நட்டமல்ல.

இதனைப் பெரும்பாலும் பரப்புவன கடிக்கும் ஈக்களும் நுளம்புகளும் உண்ணிகளுமே. நோயுற்ற மாட்டைக் கடித்த ஈ, வால்வீச்சுக்கு அஞ்சிப் பாதியிலே எழுந்து அடுத்த வளவு மாட்டில் அமரும்போது, வாயில் ஒட்டிய வைரசையும் அங்கே செலுத்திவிடுகிறது. ஒரே ஊசியைப் பல மாடுகளுக்கு இடுவதும் அதே தீங்கைச் செய்யக்கூடுமாதலால், மாட்டுக்கொரு புதிய ஊசி அவசியம். உதிர்ந்து காய்ந்த பொருக்கிலும் வைரசு ஒரு மாதத்துக்கு மேலாக உயிர்ப்புடன் கிடக்கும்.

மனிதரை இந்நோய் தொற்றாது. காய்ச்சிய பாலைக் குறித்துப் பீதியும் வேண்டியதில்லை. வைரசை நேரே அழிக்கும் மருந்து இல்லாமையால், புண்களிற் பிற கிருமிகள் சேராமற் காப்பதே சிகிச்சை. தடுப்பூசியே தலையாய பாதுகாப்பு. மாரி பிறந்து வெள்ளம் தேங்குமுன்னரே கொட்டிலைச் சுற்றி நீர் வடியச் செய்வதும், எருக்கும்பியைத் தூரத்தில் அமைப்பதும், மாலையில் வேப்பிலைப் புகை இடுவதும், நோயுற்ற மாட்டைப் பிரித்துக் கட்டுவதும், அதனை விற்கவோ வேற்றூருக்குக் கொண்டுசெல்லவோ முயலாதிருப்பதும் நம் கைக்குள் அடங்கிய காரியங்கள்.

நம் ஊர்களிலே வளவுக்கு வளவு வேலி உண்டு; ஈக்கு வேலி இல்லை. தன் மாட்டுக்கு வந்த நோயை மறைக்கிறவர் அயலார் மாட்டையும் ஆபத்துக்குள்ளாக்குகிறார். முதற் கழலை கண்டவுடனே அரச கால்நடை வைத்தியருக்கு அறிவிப்பவரோ ஊர் முழுவதற்கும் உபகாரியாகிறார். ஆகவே, அறிவித்தவரைக் குற்றவாளிபோல் நோக்காது, அவர் பசுவுக்குத் தீனும் மருந்தும் கிடைக்கத் துணைநிற்பது அயலாரின் தர்மம். அந்தத் துணை உண்டென்று தெரிந்தால்தான் நோயை ஒளிக்கும் எண்ணம் ஒருவருக்கும் எழாது.