26 ஆண்டுகள் காத்திருந்த ஆட்டம்

1996 மார்ச் 23 அன்று ஜப்பானியத் தொலைக்காட்சியில் 'ஸ்லாம் டங்க்' அனிமே தொடரின் 101ஆவது பகுதி ஒளிபரப்பானது. அதுவே கடைசிப் பகுதி. ஷோஹோகு என்ற சாதாரணப் பள்ளியின் கூடைப்பந்து அணி அடிபட்டு, எழுந்து, ஒருவழியாகத் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தது. இரண்டரை ஆண்டுகள் கூடவே வந்த ரசிகர்கள் அந்தப் போட்டிக்காகத்தான் காத்திருந்தார்கள். அதற்குப் பதிலாகத் தொடர் காட்டியது, மூலக்கதையிலேயே இல்லாத ஒரு பயிற்சி ஆட்டத்தை. தேசியப் போட்டி தொடங்கும் முன்பே கதை நின்றுபோனது.

இதற்கான காரணத்தை அறிய, ஜப்பானில் மங்கா எனப்படும் படக்கதை எப்படி அனிமே ஆகிறது என்று பார்க்க வேண்டும். 'ஸ்லாம் டங்க்' வெளிவந்தது 'ஷோனென் ஜம்ப்' என்ற வார இதழில். மட்டமான தாளில், தொலைபேசி டைரக்டரி கனத்துக்கு அச்சாகும் அந்த இதழ், 1990களின் நடுவில் வாரத்துக்கு 65 லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. ஒவ்வொரு கதைக்கும் வாரம் ஏறக்குறைய 20 பக்கம். வாசகர்கள் அனுப்பிய அஞ்சலட்டை வாக்குகளே எந்தக் கதை நீடிக்கும், எது நிறுத்தப்படும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தன. கதை சூடு பிடித்ததும் தொலைக்காட்சி தேடி வரும். சிக்கல் அங்கேதான். அரை மணி நேர ஒளிபரப்பு ஒன்றுக்கு மங்காவின் இரண்டு மூன்று வாரச் சரக்கு தேவைப்படும். ஓவியர் எவ்வளவு வேகமாக வரைந்தாலும் அனிமே அவரை எட்டிப் பிடித்துவிடும்.

எட்டிப் பிடித்தால் என்ன செய்வது? ஒன்று, இழுக்கலாம். பந்து கையைவிட்டுக் கிளம்பிக் கூடையைத் தொடுவதற்குள் பார்வையாளர்கள் வரிசை முழுவதும் காட்டப்படும். ஒவ்வொரு வீரனும் தன் பால்யத்தை நினைத்துப் பார்ப்பான். அல்லது மூலத்தில் இல்லாத கிளைக்கதைகளைப் புகுத்தலாம். 'நருடோ' அனிமே பார்த்தவர்களுக்கு இந்த வேதனை நன்றாகவே தெரியும். மூன்றாவது வழி, நிறுத்திவிடுவது. இன்று பல தொடர்கள் 12 அல்லது 24 பகுதிகள் கொண்ட பருவங்களாக, இடைவெளி விட்டு வருவது இந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான். 1990களில் அந்த வழக்கம் வேரூன்றவில்லை.

'ஸ்லாம் டங்க்' படைப்பாளி தகேஹிகோ இனோவே 1967இல் ககோஷிமா மாகாணத்தில் பிறந்தவர். பள்ளி நாட்களில் கூடைப்பந்து ஆடியவர். 1990இல் அவர் இந்தக் கதையைத் தொடங்கியபோது, கூடைப்பந்து மங்கா எடுபடாது என்பதே பதிப்பாளர் வட்டாரத்தில் நிலவிய எண்ணம். ஜப்பானில் பேஸ்பால்தான் ராஜா. இனோவே கதையை நகைச்சுவையில் ஆரம்பித்தார். செந்நிற முடி, சண்டைக்குணம், ஐம்பது பெண்களிடம் காதலைச் சொல்லி ஐம்பது முறையும் மறுக்கப்பட்டவன்: இதுதான் கதாநாயகன் சகுராகி. ஹாருகோ என்ற பெண்ணைக் கவர்வதற்காகவே அணியில் சேருகிறான். விதிகள் தெரியாது. மைதான ஓரத்தில் பந்தைத் தட்டிப் பழகுவதிலிருந்து தொடங்குகிறான். பிறகு லே-அப், பிறகு ரீபவுண்ட். தேசியப் போட்டிக்கு முன்னால் ஒரே வாரத்தில், குதித்தபடி பந்தை எறியும் ஜம்ப் ஷாட்டை 20,000 முறை போட்டுப் பயிற்சி எடுக்கிறான். விளையாட்டே தெரியாத வாசகன் அவனோடு சேர்ந்தே விளையாட்டைக் கற்றுக்கொள்கிறான். ஜப்பானியப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகக் கூடைப்பந்து மைதானத்துக்கு அனுப்பிய பெருமை இந்தக் கதைக்கு உண்டு.

அனிமே காட்டாமல் விட்ட தேசியப் போட்டியில், நடப்புச் சாம்பியனான சன்னோ பள்ளியோடு ஷோஹோகு மோதுகிறது. மங்கா வரலாற்றிலேயே மிகச் சிறந்த விளையாட்டுக் காட்சி இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். ஆட்டம் முடிவை நெருங்க நெருங்க இனோவே வசனங்களைக் குறைத்துக்கொண்டே போகிறார். கடைசி நொடிகளில், சகுராகி சொல்லும் ஒரே ஒரு வரியைத் தவிர, பேச்சுக் குமிழ்கள் இல்லை. ஓசையைக் குறிக்கும் எழுத்துகளும் இல்லை. ஓடும் கால்கள், வியர்வை, கடிகாரம். சன்னோ ஒரு புள்ளி முன்னிலை. அதுவரை ஒருவனையொருவன் முறைத்துக்கொண்டே இருந்த சக வீரன் ருகாவாவும் சகுராகியும் முதன்முறையாக ஒருவரையொருவர் நம்புகிறார்கள். ருகாவா பந்தைக் கொடுக்க, சகுராகி போட்டுப் போட்டுப் பழகிய அதே ஜம்ப் ஷாட்டை எறிகிறான். 79–78. அடுத்து, இரு பக்கங்களை நிறைத்து அவர்களின் உள்ளங்கைகள் மோதிக்கொள்கின்றன.

அதற்கு அடுத்த ஆட்டத்தில் ஷோஹோகு படுதோல்வி அடைந்ததை இனோவே சில வரிகளில் சொல்லிவிட்டுக் கதையை முடித்தார். 1996 ஜூனில் வந்த கடைசி அத்தியாயத்தில் 'முதல் பாகம் முற்றும்' என்று அச்சிடப்பட்டிருந்தது. இரண்டாம் பாகம் வரவேயில்லை. 31 தொகுதிகளோடு, புகழின் உச்சியில் நின்றது.

ஆனாலும் இனோவே அந்தப் பையன்களை மறக்கவில்லை. நூல் விற்பனை 10 கோடிப் பிரதிகளைத் தொட்டதற்கு நன்றியாக, 2004 டிசம்பரில் கனகாவா மாகாணத்தில் மூடப்பட்டிருந்த ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார். அங்கே 23 கரும்பலகைகளில், கதை முடிந்து பத்து நாட்களுக்குப் பிறகு அவர்கள் ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்பதைச் சாக்பீஸால் வரைந்தார். ரசிகர்கள் வகுப்பு வகுப்பாக நடந்து அந்தக் கதையைப் படித்தார்கள். கண்காட்சி நடந்தது மூன்றே நாட்கள்.

சன்னோ ஆட்டத்தைத் திரைக்குக் கொண்டுவர டோயேய் அனிமேஷன் நிறுவனம் பல ஆண்டுகள் முயன்றது. மாதிரிக் காட்சிகளைத் தயாரித்துக் காட்டியபோதும் இனோவேக்குத் திருப்தி இல்லை. கடைசியில் அவரே திரைக்கதை எழுதி, இயக்கவும் முன்வந்தார். 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' 2022 டிசம்பர் 3 அன்று வெளியானது. உண்மையான கூடைப்பந்து வீரர்களை ஆடவைத்து, அவர்களின் அசைவுகளைக் கணினியில் பதிவுசெய்து உருவாக்கிய படம் அது. அதன்மீது இனோவே தன் கையால் திருத்தி வரைந்துகொண்டே இருந்தார். பந்தை வாங்கும்போது முழங்கால் எவ்வளவு மடங்கும், தோள் எப்போது திரும்பும் என்பதெல்லாம் ஆடியவருக்குத்தானே தெரியும்.

அவர் எடுத்த துணிச்சலான முடிவு வேறு. படத்தின் நாயகன் சகுராகி அல்ல, ரியோதா மியாகி. ஆட்டத்தை வழிநடத்தும் பாயிண்ட் கார்டு, 168 செ.மீ. உயரம், ஐவரில் ஆகக் குள்ளம். மங்காவில் அவனுடைய கடந்தகாலம் அதிகம் சொல்லப்படவில்லை. படத்தில் அவன் ஒகினாவாத் தீவுப் பையன், தந்தையை இழந்தவன், கூடைப்பந்து கற்றுத்தந்த அண்ணன் சோதாவைக் கடலில் பறிகொடுத்தவன். மகனின் சாவைப் பேசவே முடியாத தாயும், அண்ணனின் 7ஆம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடும் தம்பியும் ஆட்டத்தின் இடையிடையே வந்துபோகிறார்கள். யார் ஜெயிப்பார்கள் என்று ரசிகர்களுக்கு முன்பே தெரியும். ஆனால் ஆட்டத்தில் ஒவ்வொரு புள்ளியும் அந்தச் சின்ன வீட்டில் என்னவாக விழுகிறது என்பது எவருக்கும் தெரியாது. தெரிந்த கதையைப் புதிதாக்க அவர் முடிவை மாற்றவில்லை. பார்க்கும் கண்ணை மாற்றினார்.

கடைசி நொடிகளில் படமும் ஓசையை அணைத்துவிடுகிறது. ரசிகர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் சகுராகியின் அந்த ஒற்றை வரியை அவன் உதடுகள் மட்டும் அசைத்துச் சொல்கின்றன. ஏறக்குறைய வசனமே இல்லாத பக்கங்களைத் திரைக்கு மாற்ற இதைவிட நேர்மையான வழி இருக்க முடியாது.

பழைய தொடரின் குரல் கலைஞர்கள் மாற்றப்பட்டது தெரிந்ததும் வெளியீட்டுக்கு முன் பலர் கோபப்பட்டார்கள். படம் வந்தபின் ஜப்பானில் மட்டும் வசூல் 1,500 கோடி யென்னைத் தாண்டியது. தென் கொரியாவிலும் சீனாவிலும் அரங்குகள் நிறைந்தன. ஜப்பான் அகாடமியின் சிறந்த அனிமேஷன் விருதும் கிடைத்தது.

படத்தின் முடிவில் ரியோதா அமெரிக்க மைதானம் ஒன்றில் ஆடுகிறான். இது வெறும் கற்பனை ஆசை அல்ல. 2006இல் இனோவேயும் அவருடைய பதிப்பகமான ஷூயேஷாவும் சேர்ந்து 'ஸ்லாம் டங்க் உதவித்தொகை' திட்டத்தைத் தொடங்கினார்கள். ஜப்பானியப் பள்ளி வீரர்களை அமெரிக்காவில் படித்துக்கொண்டே ஆட அனுப்பும் திட்டம். முதன்முதலாக அதைப் பெற்றுச் சென்றவர் நரிதோ நமிஸாதோ. அவரும் ஒகினாவாக்காரர், ஆடுவது பாயிண்ட் கார்டு இடத்தில். பின்னாளில் அவர் ஜப்பானின் தொழில்முறை லீக்கில் ஆடினார்.