'நைஸ்': ஒரு கடன்சொல்லின் பொருள்மாற்றம்

ஆங்கிலத்தில் 'இனிய', 'நல்ல' என்னும் பொருள்களில் பெருவழக்காக உள்ள பெயரடை 'நைஸ்'. 'அறியாத' எனப் பொருள்படும் 'நெஸ்கியுஸ்' என்னும் இலத்தீன் சொல்லினின்று தோன்றிப் பழைய பிரெஞ்சு வழியாக இது ஆங்கிலம் புகுந்தது. அங்குத் தொடக்கத்தில் 'அறிவற்ற' என்பதே இதன் பொருள். பின்னர் 'எளிதில் நிறைவடையாத', 'நுட்பமான' எனப் பொருள் மாறி, 18ஆம் நூற்றாண்டில் 'இனிய' என்பது நிலைபெற்றது. இழிபொருள் உயர்பொருளாகிய இம்மாற்றம், நறுமணத்தையும் குறித்த 'நாற்றம்' தீமணத்தை மட்டும் குறிப்பதாகச் சுருங்கியதற்கு நேர்மாறானது.

தமிழ்ப் பேச்சுவழக்கில் இச்சொல் வேறொரு திசையில் வளர்ந்துள்ளது. 'மாவை நைசாக அரை' என்புழி நுண்மையையும், 'துணி நைசாக இருக்கிறது' என்புழி வழவழப்பையும் குறிக்கிறது. 'நைசாக நழுவிவிட்டான்', 'நைசாகப் பேசிப் பணம் வாங்கிவிட்டான்' என்னும் தொடர்களிலோ, பிறர் அறியாவண்ணம் செய்யும் தந்திரமே பொருள். தொடுபொருளின் உராய்வின்மை, எதிர்ப்புக்கு இடந்தராத நடத்தைக்கு உருவகமாகியுள்ளது எனலாம். இலக்கண நிலையிலும், ஆங்கிலப் பெயரடை தமிழில் 'ஆக' ஏற்று வினையடையாகவே மிகுதியும் வருகிறது.

இவ்வழக்குகளுள் எதற்கும் 'நல்ல' என்னும் பொருள் பொருந்தாது. ஆதலின், 'நைசாக' என்பதை ஆங்கில மூலத்தின் பொருளால் விளக்காது, தமிழ் வழக்கின் பொருள் வரிசையோடு அகராதியில் தனிப்பதிவாகத் தருதலே தகும்.